முரட்டு வேப்: சிகரெட்டை விட நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பிரிட்டனில் கிடங்கு, கட்டட வேலை, டெலிவரி, பெட்ரோல் ஷெட் என்று நிற்கும் நம் ஆட்களில் பலர் சிகரெட்டை விட்டு வேப்புக்கு, அதாவது இ-சிகரெட்டுக்கு, மாறப் பார்க்கிறார்கள். என் கையில் இருக்கும் சின்ன, தடித்த கருவியைப் பார்த்ததும் பேச்சு தொடங்கிவிடும். வருவது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்புவதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

நான் பேசுவது 18 வயது தாண்டிய, ஏற்கெனவே சிகரெட் பிடிக்கிறவர்களோடு மட்டும்.

அண்ணா, இது என்னது? உள்ள என்ன எரியுது?

எதுவும் எரியாது. உள்ளே ஒரு பேட்டரி, காயில் என்று சொல்லும் சின்ன உலோக வலை, அதைச் சுற்றிப் பஞ்சு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலப் பஞ்சு லிக்விட்டை இழுத்து வைத்துக்கொள்ளும். பட்டனை அழுத்தினால் காயில் சூடாகி லிக்விட் ஆவியாகும். லிக்விட்டில் இருப்பது புரோப்பிலீன் கிளைகால், தாவரக் கிளிசரின், நிக்கோட்டின், வாசனைச் சேர்மானம். இன்றைய வேப்பின் முன்னோடியை 2003-இல் உருவாக்கியவர் சீனாவின் ஹான் லிக் என்ற மருந்தாளுநர்.

சிகரெட்டில் புகையிலை எரிகிறது. எரிவதால்தான் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகின்றன. நுரையீரலையும் இதயத்தையும் கெடுப்பதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். நிக்கோட்டின் அடிமைப்படுத்தும், ஆனால் சிகரெட்டால் வரும் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் அது இல்லை.

நான் சிகரெட்டே பிடிக்கிறதில்ல. சும்மா ஒரு தடவை ட்ரை பண்ணிப் பார்க்கவா?

வேண்டாம். இதைக் கேட்கும் தம்பிமாருக்கு என்னிடம் வேறு பதில் இல்லை. சிகரெட் பிடிக்காத ஒருவருக்கு இதில் எந்த லாபமும் கிடையாது. புதிதாக ஒரு அடிமைத்தனம் மட்டும்தான் வந்து சேரும். நான் கருவியைக் கையில் தந்துகூடப் பார்க்கச் சொல்வதில்லை.

உண்மையிலேயே சிகரெட்டை விட ஆபத்து குறைவா? நுரையீரல் போயிடும்னு வாட்ஸ்அப்புல வருதே.

நுரையீரல் பற்றிய செய்திகளின் வேர் 2019-இல் அமெரிக்காவில் நடந்தது. வேப் தொடர்பான நுரையீரல் பாதிப்பால் அங்கே 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் அல்லது இறந்துபோனார்கள். இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலான சம்பவங்களில் சிக்கியது கஞ்சாவிலிருந்து எடுத்த டிஎச்சி கலந்த கள்ளச்சந்தைக் குப்பிகள். அவற்றைத் தடிப்பாக்கச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் குற்றவாளி என்று கண்டுபிடித்தார்கள். பிரிட்டனில் சட்டப்படி விற்கும் நிக்கோட்டின் லிக்விட்டில் அதைச் சேர்க்க முடியாது. ஆகவே கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான்: யாரோ பையிலிருந்து எடுத்துத் தரும் பெயரில்லாத குப்பியைத் தொடாதீர்கள்.

அதற்காக வேப் தீங்கே இல்லாதது என்று நான் சொல்லமாட்டேன். சிகரெட்டை விடத் தீங்கு மிகக் குறைவு என்பது பிரிட்டன் சுகாதாரத் துறையின் நிலைப்பாடு. இருபது முப்பது வருடம் இழுத்தால் உடம்பில் என்ன நடக்கும் என்பதற்கு இன்னும் முழுக் கணக்கு கிடையாது. அதனால்தான் முந்தைய பதிலில் சிகரெட் பிடிக்காதவர்களை விலகி நிற்கச் சொன்னேன்.

டிஸ்போசபிள் லேசா இருந்திச்சு, பொக்கற்றில போட்டா தெரியாது. நீங்கள் ஏன் இந்தத் தடியனை வச்சிருக்கிறியள்?

முதல் காரணம் சட்டம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்பை விற்பது பிரிட்டன் முழுக்க 2025 ஜூன் 1 முதல் தடை. இனி சார்ஜ் செய்து, லிக்விட் நிரப்பி அல்லது பாட் என்னும் கழற்றக்கூடிய லிக்விட் குடுவையை மாற்றிப் பயன்படுத்துவதுதான் வழி.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரியது. சிகரெட்டை விட்டவர்கள் மறுபடி அதற்குப் போகும் தருணத்தைக் கவனித்திருக்கிறேன். பெரும்பாலும் மனவுறுதி உடைவதில்லை, கருவிதான் உடைகிறது. இரவு வேலையின் நடுவில் மெல்லிய வேப் ஒன்று பலகையிலிருந்து கீழே விழும், அல்லது மழையில் நனைந்து பட்டன் வேலை செய்யாது. கடை திறக்க இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கும். பக்கத்தில் நிற்பவர் சிகரெட் பெட்டியை நீட்டுவார். அவ்வளவுதான், மாதக்கணக்கான முயற்சி போயிற்று. வெளிவேலை செய்பவருக்கு அடிதாங்கும் கருவி ஆடம்பரம் இல்லை. சிகரெட்டை விடும் முயற்சியே அதன் மேல்தான் நிற்கிறது.

சரி, எதை வாங்குறது? ஏஜிஸ் பூஸ்டா, ஏஜிஸ் மினியா?

இரண்டும் ஷென்சென் நகரத்தின் கீக்வேப் நிறுவனத்துடையவை, இரண்டும் 2019-இல் வந்தவை. உலோகச் சட்டம், ரப்பர் மாதிரியான சிலிக்கோன், முதுகில் தோல் பட்டை என்று ஒரே குடும்பச் சாயல். பூஸ்ட் பாட் வகை. 1500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி, காயிலைச் சூடாக்கும் சக்தி 40 வாட் வரை போகும். மினி சின்னப் பெட்டி வடிவம். 2200 பேட்டரி, 80 வாட் வரை. மேலே டாங்க் என்னும் தனி லிக்விட் தொட்டியைத் திருகிப் பூட்ட வேண்டும். இரண்டுக்கும் பிறகு புதிய பதிப்புகள் வந்துவிட்டன. நான் சொல்லும் சங்கதி அவற்றுக்கும் பொருந்தும்.

சிகரெட்டிலிருந்து நேராக வருபவருக்கு நான் பூஸ்ட் வகையைத்தான் சொல்வேன். சிகரெட் இழுக்கும்போது புகையை முதலில் வாயில் நிறைத்து அப்புறம் உள்ளே எடுக்கிறோம். குறைந்த வாட்டில், காற்றுத் துளையை நெருக்கி வைத்தால் பூஸ்ட்டில் அதே பழக்கத்துக்கு ஓரளவு பக்கத்தில் வரலாம். மினியில் பெரிய டாங்க் போட்டால் நேராக நுரையீரலுக்கு இழுக்கும் பெரும்புகை வரும். பழகாதவர் முதல் இழுப்பிலேயே இருமிக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஐபி67 எண்டு பெட்டியில போட்டிருக்கு. அது என்ன கணக்கு?

இது மின்கருவிகளுக்கான சர்வதேசத் தர அளவு. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 6 என்றால் தூசி உள்ளே புகாது. சிமெண்டுத் தூளிலும் மரத்தூளிலும் வேலை செய்பவர்களுக்கு இந்த 6 தான் உண்மையான பயன். பலர் தண்ணீரையே பார்க்கிறார்கள். கருவிகளைக் கொல்வதில் தூசிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழம் வரை, 30 நிமிடம் வரை நல்ல தண்ணீரில் கிடந்தாலும் கெடுதல் தரும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகாது.

அந்தச் சோதனை நடப்பது புதுக் கருவியில், அசையாத நல்ல தண்ணீரில். கடல்நீர், சோப்புத் தண்ணீர், வெந்நீர், குழாயிலிருந்து அழுத்தத்தோடு அடிக்கும் தண்ணீர் எதுவும் அந்த 7-க்குள் அடங்காது. பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு 5, 6 என்று வேறு சோதனைகள் இருக்கின்றன. 7 வாங்கிய கருவி அவற்றிலும் தேறியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கார் கழுவும் இடத்தில் வேலை செய்யும் நண்பர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களும் வயதாக வயதாக இறுகிப் போகும். மூன்று வருடக் கருவிக்கு முதல் நாள் வாக்குறுதி செல்லாது.

அப்ப தண்ணிக்குள்ள விழுந்தா எடுத்து அப்பிடியே இழுக்கலாமோ?

இழுக்கக் கூடாது. தண்ணீர் புகாதது பேட்டரியும் சர்க்யூட்டும் இருக்கும் உடம்புப் பகுதிதான். மேலே இருக்கும் பாட், டாங்க் இரண்டிலும் காற்றுத் துளை திறந்தே இருக்கும். திறந்திருக்காவிட்டால் இழுக்கவே முடியாது. ஆகவே வாளியில் விழுந்த கருவியின் பாட்டுக்குள் அந்த அழுக்குத் தண்ணீரும் போயிருக்கும்.

செய்ய வேண்டியது: பாட்டைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் லிக்விட்டைக் கொட்டிவிட்டு, காயிலைப் புதிதாகப் போடுங்கள். உடம்பைத் துணியால் துடையுங்கள். பாட் உட்காரும் குழியில் உலோகத் தொடர்புப் புள்ளிகள் இருக்கும்; அங்கே பஞ்சு சுற்றிய குச்சியால் ஒற்றி எடுங்கள். சார்ஜ் துளையின் மூடி விழும்போது திறந்திருந்தால் நான் கவலைப்படுவேன். நன்றாகக் காயும்வரை, குறைந்தது ஒரு நாளாவது, சார்ஜரைச் செருகாதீர்கள். ஈரத்தோடு சார்ஜ் போடுவதுதான் பல கருவிகளின் கடைசி நாள்.

மாடியிலிருந்து விழுந்துச்சு. வெளியில ஒண்ணும் தெரியல. யூஸ் பண்ணலாமா?

சட்டம் அடியை வாங்கிக்கொள்ளும், உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரிக்கு அப்படி உத்தரவாதம் எதுவும் இல்லை. இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால் பெரும்பாலும் பாட் பகுதியில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். மாடி உயரம் என்றால் அன்றைக்கு அதைக் கண் பார்க்கும் இடத்தில், எரியக்கூடிய எதன் மேலும் வைக்காமல் விட்டுப் பாருங்கள். உடம்பு உப்பினாலோ, இழுக்காமலே சூடானாலோ, இனிப்பும் ரசாயனமும் கலந்த வாசனை வந்தாலோ அதோடு முடிந்தது. சார்ஜ் போட்டுச் சோதிக்கக்கூட வேண்டாம்.

வாங்கின அன்னிக்கே கருகின நாத்தம். டூப்ளிகேட்டை வித்துட்டானா?

பத்தில் ஒன்பது பேருக்குக் கருவி சரியாகத்தான் இருக்கும், பொறுமை காணாது. புதுக் காயிலில் பஞ்சு காய்ந்திருக்கும். காய்ந்த பஞ்சைச் சூடாக்கினால் கருகும். கருகிய பஞ்சு மறுபடி சரியாகாது. புதுக் காயிலின் பக்கத் துளைகளில் தெரியும் பஞ்சில் சில சொட்டு லிக்விட் விட்டு, பாட்டை நிரப்பி, பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். அப்புறம் காயிலின் மேல் எழுதியிருக்கும் வாட் எல்லையில் மிகக் குறைந்ததிலிருந்து ஆரம்பித்து, சின்னச் சின்ன இழுப்பாகப் போங்கள்.

தொடர்ந்து அவசரமாக இழுத்தாலும், லிக்விட் அடிமட்டத்துக்கு வந்த பிறகு இழுத்தாலும் இதேதான் நடக்கும். கருகிய சுவை வந்தால் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்காதீர்கள். காய்ந்த பஞ்சு சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு போன்றவை அதிகமாக வெளிவரும். நல்ல காயிலே ஒன்றிரண்டு வாரம்தான் தாங்கும். இனிப்பு அதிகமான லிக்விட் என்றால் அதைவிடச் சீக்கிரம் கறுத்துவிடும்.

எத்தனை மில்லிகிராம் நிக்கோட்டின் எடுக்கிறது? கடைக்காரன் கேட்டப்ப முழிச்சேன்.

பிரிட்டனில் உச்சவரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம். நிக்கோட்டின் உள்ள லிக்விட் குப்பி 10 மில்லிக்கு மேல் வராது, டாங்க் 2 மில்லிக்கு மேல் வராது. வெளிநாட்டு வீடியோவில் பூஸ்ட் பாட் 3.7 மில்லி என்று சொல்வார்கள். இங்கே கிடைப்பது 2 மில்லி. உங்களைக் கடைக்காரர் ஏமாற்றவில்லை.

ஒரு நாளைக்கு ஒரு பெட்டி பிடித்தவர் தொண்டையை அதிகம் உறுத்தாத நிக்கோட்டின் சால்ட் வகையில் 20 மில்லிகிராம் எடுத்து, குறைந்த வாட்டில் தொடங்கலாம். ஐந்தாறு மட்டும் பிடித்தவருக்கு 10 போதும். வெட்கப்பட்டுக்கொண்டு 3 மில்லிகிராமில் தொடங்குவதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு. உடம்பு கேட்கும் நிக்கோட்டின் கிடைக்காது, நாலாம் நாள் சிகரெட் வாங்கிவிடுவார்கள். தலை சுற்றல், குமட்டல், படபடப்பு வந்தால் அளவு கூடிவிட்டது. வைத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள், அடுத்த குப்பியைக் குறைவாக வாங்குங்கள்.

வாட்டைக் கூட்டினா நல்லா அடிக்கும்னு சொல்றாங்க. 40-ல வெச்சு 20 மில்லிகிராம் இழுக்கலாமா?

கூடாது. வாட் கூடினால் ஒவ்வொரு இழுப்பிலும் ஆவியாகும் லிக்விட்டும் கூடும். அதோடு நிக்கோட்டினும் கூடும். 20 மில்லிகிராம் சால்ட் என்றால் 15 வாட் அளவிலேயே நிற்பது நல்லது. பெரும்புகைதான் வேண்டும் என்றால் 3 அல்லது 6 மில்லிகிராமுக்கு இறங்கி, தாவரக் கிளிசரின் 70 சதவீதம் உள்ள தடித்த லிக்விட்டை எடுங்கள். குறைந்த வாட்டுக்குப் புரோப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும் பாதிக்குப் பாதி உள்ள கலவை சரியாக ஊறும்.

காயிலில் எழுதியிருக்கும் எல்லையைத் தாண்டாதீர்கள். திரையில் 40 வரை ஏற்ற முடிகிறது என்பது உங்கள் காயில் அதைத் தாங்கும் என்பதற்குச் சான்று ஆகாது.

பொக்கற் முழுக்க லிக்விட். இவ்வளவு முரட்டுச் சாமான் ஏன் ஒழுகுது?

முரட்டுத்தனம் கருவியின் உடம்பில்தான், பாட் பகுதியில் இல்லை; தண்ணீர் பற்றிய பதிலில் சொன்ன அதே காரணம். அடியில் வரும் துளிகளில் பாதி, ஆவி குளிர்ந்து தண்ணியானது. தினமும் ஒருமுறை பாட்டைக் கழற்றித் துடைத்தால் தீரும். மீதிக்குக் காரணங்கள்: காயில் கடைசிவரை அழுந்தி உட்காரவில்லை, நிரப்பும் துளையின் ரப்பர் சரியாக மூடவில்லை, அல்லது தடித்த லிக்விட்டுக்கான காயிலில் தண்ணியான லிக்விட். இரவில் நிமிர்த்தி வையுங்கள்.

போன் சார்ஜர்ல போடலாமா? ராத்திரி முழுக்க விடலாமா?

கருவியோடு வந்த கேபிளில், கையேட்டில் சொன்ன ஆம்பியர் அளவுள்ள சாதாரண அடாப்டரில் போடுங்கள். அதிவேக சார்ஜர் வேண்டாம். தூங்கும்போது வேண்டவே வேண்டாம், தலையணைக்கு அடியில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அறை வாடகைக்கு எடுத்து நாலைந்து பேர் சேர்ந்து இருக்கும் வீடுகளில் இதை நான் அழுத்திச் சொல்வேன். ஒருவரின் கவனக்குறைவு எல்லோருக்கும் ஆபத்து.

குளிர்காலத்தில் வேனில் இரவெல்லாம் கிடந்த கருவியை உடனே சார்ஜ் போடக் கூடாது. பூச்சியம் டிகிரிக்குக் கீழே இருக்கும் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்வது உள்ளே நிரந்தரச் சேதத்தை உண்டாக்கும். வீட்டுக்குள் வைத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகு போடுங்கள். கோடையில் கண்ணாடி மூடிய காரின் முன்பலகையிலும் விடாதீர்கள்.

பெட்ரோல் ஷெட்டில வேலை. பம்புக்குப் பக்கத்தில இழுக்கலாமோ? எரியிறதில்லைதானே?

முதல் பதிலில் எதுவும் எரியாது என்று சொன்னதை இப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். நெருப்பு இல்லை, ஆனால் சூடான உலோகமும் மின் சுவிட்சும் இருக்கின்றன. பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் இரண்டும் ஆகாது. பம்புப் பகுதிக்குள் கருவியை அழுத்தவே கூடாது. சட்டைப் பையில் தானாக அழுந்தாமலிருக்க, பட்டனை ஐந்து முறை வேகமாக அழுத்தி அணைத்துவிட்டுப் போங்கள்.

மற்ற வேலையிடங்களில் உள்ளே இழுக்கலாமா என்பது முதலாளியின் முடிவு. இங்கிலாந்தில் 2007 ஜூலை 1-இல் வந்த உள்ளரங்கப் புகைத்தடைச் சட்டம் வேப்பைத் தொடவில்லை என்றாலும், பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் விதியிலேயே தடுத்து வைத்திருக்கின்றன. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வீட்டில சின்னப் பிள்ளை இருக்கு. கருவியை உயரத்தில வச்சாப் போதுமோ?

கருவியைவிட லிக்விட் குப்பியைப் பூட்டி வையுங்கள். பழ வாசனை, வண்ணப் படம். குழந்தை வாயில் வைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சின்ன உடம்புக்கு நிக்கோட்டின் விஷம், கொஞ்சம் விழுங்கினாலும் உடனே அவசர மருத்துவ உதவி தேவை. குழந்தை திறக்க முடியாத மூடியை ஒவ்வொரு முறையும் முழுதாகத் திருகுங்கள். கையில் சிந்தினால் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

அப்பா முப்பது வருஷமா பிடிக்கிறார். மாத்திரை நிறைய. அவருக்கு வாங்கிக் குடுக்கட்டா?

அவர் மாறினால் நல்லது, ஆனால் மருத்துவரிடமோ மருந்தகத்திலோ முன்கூட்டிச் சொல்லிவிட்டு மாற வேண்டும். இது வெறும் மரியாதைக்காகச் சொல்வது இல்லை. சிகரெட் புகையிலுள்ள தார், கல்லீரல் சில மருந்துகளை வேகமாகக் கரைக்கும்படி செய்கிறது. சிகரெட்டை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்து, அதே மாத்திரை உடம்பில் அதிகமாகத் தங்கும். ஆஸ்துமாவுக்கான தியோபிலின், மனநல மருந்துகளில் குளோசபின், ஓலான்சபின், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் வார்ஃபரின் ஆகியவற்றை எடுப்பவர்களுக்கு அளவைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். காரணம் தார் என்பதால், வேப்பில் நிக்கோட்டின் எடுத்துக்கொண்டிருந்தாலும் இந்த மாற்றம் நடக்கும். இன்சுலின் போடுகிறவர் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும்.

கருவியைப் பொறுத்தவரை, வயதானவருக்கு வாட், மெனு எல்லாம் தொல்லை. நீங்களே ஒரு அளவில் வைத்துப் பூட்டிக் கொடுத்துவிடுங்கள்.

பகல்ல வேப், ராத்திரி ரெண்டு சிகரெட். பரவாயில்லையா?

முதல் சில வாரம் அப்படி இருப்பது சகஜம், அதற்காக மனம் விட வேண்டாம். அங்கேயே குடியேறிவிடக் கூடாது. நாளைக்கு ஒன்றிரண்டு சிகரெட்கூட இதயத்துக்குக் கெடுதல். அதைப் பாதியாகக் குறைத்தால் கெடுதலும் பாதியாகும் என்று கிடையாது. இரவு சிகரெட் தேவைப்படுகிறது என்றால் பகலில் கிடைக்கும் நிக்கோட்டின் போதவில்லை என்று பொருள். மில்லிகிராம் பற்றிய பதிலுக்குத் திரும்பிப் போய் அளவைச் சரிசெய்யுங்கள்.

உள்ளூர் புகைநிறுத்த உதவி மையங்கள் இங்கே இலவசம். இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், அப்படியான நேரடி உதவியோடு வேப் எடுத்தவர்களில் 18 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். அதே உதவியோடு நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம் போன்றவற்றை எடுத்தவர்களில் அது 9.9 சதவீதம். கருவி மட்டும் போதாது, ஆள் துணையும் வேண்டும்.

லீவுக்கு ஊருக்குப் போறேன். கொண்டு போகலாமா?

இந்தியாவுக்கு வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் சட்டப்படி இ-சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாம் தடை. முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் மூன்றாண்டும் ஐந்து லட்சமும் வரை போகும். சேமித்து வைப்பதற்கே ஆறு மாதம் அல்லது ஐம்பதாயிரம் என்று தனிப் பிரிவு இருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் "சொந்த உபயோகத்துக்கு" என்று வாதாடிப் பார்க்கும் இடமில்லை இது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வைத்திருப்பதே குற்றம், 2025 செப்டம்பரிலிருந்து இன்னும் கடுமை. இலங்கையிலும் விற்பனைக்குத் தடை இருக்கிறது.

பயணத்துக்கு நிக்கோட்டின் சூயிங்கம்மும் ஒட்டுப்பட்டையும் எடுத்துப் போங்கள். ஊரில் பழைய நண்பர்களோடு டீக்கடையில் நிற்கும்போதுதான் சோதனை. கையில் எதுவும் இல்லாமல் போவது புத்திசாலித்தனம் இல்லை.

பிரான்ஸ், ஜெர்மனி மாதிரி இடத்துக்கு விமானத்தில போனா?

அங்கே சட்டப்படி இருக்கிறது. கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், கீழே அனுப்பும் பெட்டியில் போடக் கூடாது. பேட்டரிக்கு 100 வாட்-மணி எல்லை; பூஸ்ட் ஏறக்குறைய 5.5, மினி 8 சொச்சம்தான். விமானத்துக்குள் இழுப்பதும் சார்ஜ் போடுவதும் கிடையாது. மேலே ஏறும்போது காற்றழுத்தம் குறைந்து லிக்விட் வெளியே தள்ளப்படும். பாட்டைக் காலி செய்துவிட்டு ஏறினால் சட்டை தப்பும்.

இதையும் எப்பதான் விடுறது? கடைசி வரைக்கும் இழுத்துக்கிட்டே இருக்கணுமா?

மேலே சொன்ன ஆய்வில் வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் வேப் இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால் இது தானாக உதிர்ந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். சிகரெட் ஆசை சில மாதம் எட்டிப் பார்க்காமல் இருந்த பிறகு இறங்கத் தொடங்குங்கள்: 20-இலிருந்து 10, பிறகு 6, 3, பூச்சியம். ஒவ்வொரு படியிலும் உடம்பு அமைதியாகும்வரை நில்லுங்கள். இறங்கும்போது வாட்டைக் கூட்டாதீர்கள், கூட்டினால் குறைத்த நிக்கோட்டின் வேறு வழியில் திரும்பி வந்துவிடும். சிகரெட் ஆசை மறுபடி இழுத்தால் ஒரு படி மேலே ஏறிக்கொள்வதில் தவறில்லை.

அவசரப்பட ஒரு காரணமும் இருக்கிறது. 2026 அக்டோபர் 1 முதல் பிரிட்டனில் 10 மில்லி லிக்விட்டுக்கு 2.20 பவுண்டு வரி என்று அறிவித்திருக்கிறார்கள். வேலை முடிந்த கருவியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் வேப் விற்கும் கடையிலேயே கொடுங்கள். திரும்ப வாங்கிக்கொள்வது அவர்கள் கடமை. குப்பை வண்டிக்குள் நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். கொடுப்பதற்கு முன் பாட்டைக் கழற்றி, மிச்ச லிக்விட் இருந்தால் அதைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் குப்பியோடு சேர்த்து அங்கேயே கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.